கஞ்சா: சிறையும் வேண்டாம், கடையும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சா மீதான தடையை நீக்கலாமா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாக நடந்துவரும் விவாதத்தைத் தவறாமல் படித்துவருகிறேன். கஞ்சாவைத் தொட்டவன் எவனாக இருந்தாலும் குண்டர் சட்டத்தில் உள்ளே தள்ள வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கனடாவைப் போல இங்கும் கடை திறந்து விற்றால் அரசுக்கு வருமானமாவது கிடைக்கும் என்று இன்னொருவர் அதற்குப் பதில் எழுதியிருந்தார். இரண்டையும் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நான் தடய அறிவியல் துறையில் அறிவியல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி போதைப்பொருள் பிரிவில் கழிந்தது. தென் மாவட்டங்களில் பிடிபட்ட கஞ்சாவின் மாதிரிகள் என் மேசைக்கு வந்து, நான் கையெழுத்திட்ட அறிக்கைகளாக நீதிமன்றத்துக்குத் திரும்பின. அந்த அறிக்கைகளை வைத்துப் பலர் தண்டனை பெற்றார்கள். ஆகவே, இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

காவலர் ஒருவர் நீதிமன்றத்தின் கடிதத்தோடு உறைகளைக் கொண்டுவருவார். பழுப்புக் காகித உறை, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டு, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை. கஞ்சா என்றால் மாதிரிக்கு 24 கிராம். எஸ்-1, எஸ்-2 என்று இரண்டு உறை. முத்திரையை உடன் அனுப்பிய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பிரிப்போம். உள்ளே இருப்பது பெரும்பாலும் அழுத்தத்தில் கட்டியாகி, பச்சை மங்கிப் பழுப்பேறிய பூங்கொத்து. கூடவே காம்பு, இலை, விதை. ஒரு துணுக்கை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், இலையின் மேற்பரப்பில் நகம்போல் வளைந்த சிறு மயிர்கள் தெரியும். அவற்றின் அடியில் கால்சியம் கார்பனேட் படிகம் இருக்கும். ஒரு சொட்டு அமிலம் விட்டால் குமிழ் கிளம்பும். பிறகு பெட்ரோலியம் ஈதரில் ஊறவைத்து, வடித்து, உலர்த்தி, வனிலினும் அசிட்டால்டிஹைடும் கலந்த கரைசலைச் சேர்த்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுவோம். ஊதா நிறம் எழும். குளோரோபார்ம் ஊற்றிக் குலுக்கி வைத்தால் அந்த ஊதா அடியில் தங்கும் குளோரோபார்முக்கு இறங்கும். மென்படல நிறப்பிரிகை என்ற இன்னொரு சோதனையிலும் சரிபார்த்துக்கொண்டு, கஞ்சாவுக்குரிய கன்னபினாய்டு என்ற வேதிப்பொருள்கள் இருப்பதாக எழுதிக் கையெழுத்திடுவோம்.

அறிக்கை சொல்வது இவ்வளவுதான். போதைச்சத்து எத்தனை சதவீதம் என்பது அதில் இராது. யாரும் கேட்பதும் இல்லை. பையில் இருந்ததில் பூ எவ்வளவு, காம்பு எவ்வளவு என்பதும் இராது. ஏனென்றால் கஞ்சா வழக்கில் தண்டனையைத் தீர்மானிப்பது எடை. அந்த எடையைப் போடுவது ஆய்வகம் அல்ல. பிடித்த இடத்தில், சாலையோரத்திலோ ரயில் நிலைய நடைமேடையிலோ, பிடித்தவர்களே போடுகிறார்கள்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 2001 திருத்தத்துக்குப் பிறகு, கஞ்சாவுக்கு மூன்று படிகளாகத் தண்டனை வகுத்திருக்கிறது. ஒரு கிலோ வரை சிறிய அளவு. ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆறு மாதமாக இருந்த இந்தச் சிறைக்காலத்தை 2014 திருத்தம்தான் ஓராண்டாக்கியது. ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை பத்தாண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டிவிட்டால் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. நீதிபதியே இரக்கப்பட்டாலும் பத்தாண்டுக்குக் கீழே இறங்க முடியாது.

இங்கேதான் காம்பும் இலையும் முக்கியமாகின்றன. சட்டத்தின் இரண்டாவது பிரிவு கஞ்சாவைச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதி என்று வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. ஆனால் மூட்டையில் வருவது பிரித்தெடுத்த பூ அல்லவே. ஒரு வழக்கில் சாட்சி சொல்லக் கூண்டில் நின்றபோது, சான்றுப்பொருளான மூட்டையை என் எதிரில் பிரித்தார்கள். காய்ந்த வைக்கோலின் வாசனையோடு, பென்சில் பருமனில் காம்புகள் தரையில் உதிர்ந்தன. பிடித்த இடத்தில் எழுதிய பறிமுதல் பதிவான மகஜரில் இருந்த எடை 20 கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம், ‘இதில் பூ எத்தனை கிலோ இருக்கும்?’ என்று கேட்டார். எனக்கு வந்தது 24 கிராம் மாதிரி மட்டுமே. மூட்டையைப் பற்றி நான் எதுவும் கூற இயலாது என்று சொன்னேன். அதுதான் உண்மை. பிடித்த அன்று ஈரமாக இருந்ததா, பையின் எடையும் சேர்ந்ததா, காம்பை விலக்கினால் 20 கிலோவுக்குக் கீழே வருமா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர் அந்த அறையில் யாருமே இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையில் பத்தாண்டு அந்தக் காம்புகளைப் பொறுத்திருந்தது.

அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரு பெண். ஆந்திர–ஒடிசா எல்லையின் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். இரண்டு பயணப் பைகளோடு ரயிலில் வந்து இறங்கியபோது பிடிபட்டவர். அவருக்குத் தமிழ் தெரியாது. தெலுங்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் பேசிய தெலுங்கும் அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. என் சாட்சியம் முழுவதும் ஊதா நிறத்தையும் குளோரோபார்மையும் பற்றியது. அது எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பையைக் கொடுத்தனுப்பியவர் வழக்கில் இல்லை. இங்கே வாங்கிக்கொள்ள வரவிருந்தவரும் இல்லை. நான் சாட்சி சொன்ன வழக்குகளில் பெரும்பாலும் இப்படித்தான்: பை தூக்கியவர் கூண்டில் இருப்பார், பணம் போட்டவர் முதல் தகவல் அறிக்கையில் ‘மற்றும் சிலர்’ என்ற சொற்களுக்குள் மறைந்திருப்பார்.

தீர்ப்பு வரும் வரையிலாவது அவர் வெளியே இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். வணிக அளவு வழக்குகளில் 37ஆவது பிரிவு அதற்கு இடம் தருவதில்லை. அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், இவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே போனால் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டாக வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே குற்றமற்றவர் என்று காட்டச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும்; இதில் 180 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் ஓராண்டு. பையைக் கையில் வைத்திருந்தாலே, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்திருந்ததாகச் சட்டம் ஊகித்துக்கொள்கிறது. தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பிடிபட்டவருடையது. இத்தனை கடுமையான சட்டத்தில், விசாரணை அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தை வைத்தே தண்டிக்கலாம் என்ற நிலைகூட 2020 வரை இருந்தது. அதைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில்தான். விசாரணை அளவுக்கு மீறித் தாமதமானால் அதுவே ஜாமீனுக்குக் காரணமாகலாம் என்று அதே நீதிமன்றம் 2023இல் ஒரு கஞ்சா வழக்கில் கூறியது. நீதிமன்றங்கள் ஒவ்வொரு கல்லாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. சட்டமியற்றுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குண்டர் சட்டம் கேட்கும் வாசகருக்கு இப்போது வருகிறேன். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. பள்ளி வாசலில் விற்கிறார்கள் என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். ஆனால் அவர் கேட்பது ஏற்கெனவே இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க அனுமதிக்கிறது. நம் மாநிலத்தில் அது தாராளமாகவே பயன்படுகிறது. ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரிலேயே காவல்துறை தொடர் நடவடிக்கைகளை எடுத்தது. வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. 1985 முதல் பத்தாண்டுச் சிறை, இருபதாண்டுச் சிறை என்று எல்லாம் வந்த பிறகும் நிலைமை என்ன? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியிருப்பதாகக் கூறியது. சட்டவிரோதமான கஞ்சாவையும், அந்தச் செடியின் பிசினான சரஸையும் பயன்படுத்தியவர்கள் மட்டும் 1.3 கோடி. இத்தனை பேரையும் அடைக்கச் சிறை எங்கே இருக்கிறது? ஆகவே யாரோ சிலர்தான் பிடிபடுவார்கள். எந்தச் சிலர் என்பதை ஊரில் எல்லாரும் அறிவோம். சொந்த வீடும் தனியறையும் உள்ளவனைப் பிடிப்பதில்லை. பேருந்து நிலையத்தின் பின்புறம் நிற்பவனைத்தான் பிடிக்கிறார்கள்.

தண்டனை இன்னும் கடுமையாக இருந்தால் ஒழியும் என்பாருக்குச் சிங்கப்பூரை நினைவூட்டுகிறேன். அங்கே 2023 ஏப்ரலில், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்களை வைத்து அவரை வழக்கோடு இணைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் கை வழியே கடந்துபோன ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோப் பொட்டலங்களை நினைத்துப் பார்த்தேன். நம் சட்டத்தில் அந்த எடை சிறிய அளவின் எல்லையை ஒட்டியது. ஒரு கடல் தாண்டினால் அதற்கு உயிரே விலை. கஞ்சாவின் கெடுதல் கடலுக்கு இந்தப்புறம் ஒன்றாகவும் அந்தப்புறம் வேறாகவும் இருக்க முடியாது.

தடை என்பது காலங்காலமாக இருந்துவருகிற ஒன்று என்ற எண்ணமும் பல கடிதங்களில் தெரிந்தது. அப்படியில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் கஞ்சா உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது, வரி வசூலானது. அதைத் தடைசெய்ய வேண்டும் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தபோது, 1893–94இல் இந்தியக் கஞ்சாப் போதைப்பொருள் ஆணையம் (Indian Hemp Drugs Commission) அமைக்கப்பட்டது. நாடு முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்து, பல தொகுதிகளாக அறிக்கை அளித்தது. மிதமான பயன்பாடு பெரும்பாலும் தீங்கு விளைவிப்பதில்லை, அளவு மீறினால் கெடுதல், முழுத்தடை தேவையும் இல்லை, உகந்ததும் இல்லை, வரியாலும் கட்டுப்பாட்டாலும் அடக்கிவைக்கலாம் என்பது அதன் முடிவு. ஆட்சியாளர்களுக்கு வருவாய் முக்கியம் என்பதால் அந்த முடிவை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும், முடிவெடுக்கும் முன் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் போய்க் கேட்டார்களே, அந்த உழைப்பை 1985இல் சட்டம் இயற்றியபோது நாம் காட்டவில்லை. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் நாம் கையெழுத்திட்டிருந்தோம், மருத்துவமல்லாத கஞ்சாப் பயன்பாட்டை ஒழிக்க அது கொடுத்த 25 ஆண்டுக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, சட்டம் வந்தது. நம் மாநிலத்திலோ அதற்கு முன்பே, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதைப்பொருள்களையும் சேர்த்துத் தடைசெய்திருந்தது. மது வெளியே வந்துவிட்டது, கஞ்சா உள்ளேயே நின்றுவிட்டது.

அந்த 1961 உடன்படிக்கையிலும் இலைக்கு விலக்கு கேட்டு வாங்கியது இந்தியாதான். அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும், இலையை அரைத்துச் செய்யும் பாங் இன்றும் அரசு உரிமம் பெற்ற கடைகளில் கிடைக்கிறது. வாரணாசியில் உரிமக் கடையில் வாங்கிக் குடிப்பவர் பக்தர். அதே செடியின் பூவை மதுரையில் வைத்திருப்பவர் குற்றவாளி. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தான பொருள்களின் நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கலாமா என்று வாக்கெடுத்தபோது, நீக்கலாம் என்ற 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வெளியே அப்படி வாக்களித்த அரசு, உள்ளே கஞ்சாவுக்கான தண்டனையில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

இனி, கடை திறக்கச் சொல்லும் வாசகருக்கு. கஞ்சா ஒரு தீங்கும் செய்யாது என்று அவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. வளரும் வயதில், பதினைந்து பதினாறு வயதில், தொடர்ந்து புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மருத்துவ உலகம் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். படிப்பு தடைப்படுகிறது, நினைவாற்றல் குறைகிறது. மேற்சொன்ன கணக்கெடுப்பே, கஞ்சாவால் உண்டான சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் 72 லட்சம் என்கிறது. அதே கணக்கெடுப்பில் மது அருந்துவோர் 16 கோடி. எண்ணிக்கை இவ்வளவு வேறுபடுவதற்கு ஒரு காரணம் மது கைக்கெட்டும் தூரத்தில் கடையில் கிடைப்பது. கஞ்சாவுக்கும் கடை திறந்தால் அந்த எண் எந்தப் பக்கம் போகும்?

டாஸ்மாக் நம் கண் முன்னால் இருக்கிறது. 2003இல் சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்தபோது, தனியாரின் முறைகேடு ஒழியும், கட்டுப்பாடு வரும் என்றுதான் சொன்னார்கள். இன்று எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த வருமானம் இல்லாமல் நிதிநிலை அறிக்கை போட முடியாத நிலை. தீபாவளிக்கு எத்தனை கோடிக்கு விற்றது என்பதைத் தங்கள் நாளிதழ் உட்பட எல்லாரும் சாதனை போல அச்சிடுகிறார்கள். இலக்கு வைத்து விற்கிற அரசு, குடிக்காதே என்று பிரசாரம் செய்தால் யார் கேட்பார்கள்? இத்தனைக்குப் பிறகும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசுக் கடை இருந்தும், அதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போனார்கள். கடை திறந்தால் கள்ளச்சந்தை தானாகவே மூடிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் அந்த ஊரின் கருணாபுரத்துக்கு ஒருமுறை போய் வர வேண்டும்.

கனடாவைக் காட்டுகிறார்கள், தாய்லாந்தையும் பாருங்கள். 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒழுங்குமுறைச் சட்டம் வருவதற்குள் தெருவெங்கும் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பவும் கட்டுப்படுத்தினார்கள். விற்கிறவர்கள் ஒரு பெருங்கூட்டமாகிவிட்ட பிறகு அதைத் திருப்பிக் கட்டுவது எளிதல்ல. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர்கள் வெளியில் 25 கிராம் வரை வைத்திருக்கவும் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் அனுமதித்தது. ஆனால் கடைகளில் விற்க விடவில்லை. அந்த எச்சரிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

நமக்குப் பாடமாக நான் பார்ப்பது போர்ச்சுகல். 2001 முதல் அங்கே எந்தப் போதைப்பொருளானாலும், பத்து நாள் தேவைக்குள் வைத்திருந்தால் அது குற்ற வழக்கு அல்ல. காவலர் பிடித்தால் பொருளைப் பறிமுதல் செய்வார். ஆளை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், சட்டம், உளவியல், சமூகப்பணி அறிந்தவர்கள் அமர்ந்த ஒரு குழுவிடம் அனுப்புவார். அடிமையாகியிருக்கிறானா, வேலை இருக்கிறதா, வீட்டில் என்ன நிலை என்று அவர்கள் கேட்டறிந்து சிகிச்சைக்கு வழி செய்கிறார்கள். விற்பது அங்கேயும் குற்றம்தான். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலமும் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி இதைப் போலச் செய்யப் பார்த்தது. சிகிச்சை ஏற்பாடுகள் தயாராகும் முன்பே தண்டனையை எடுத்துவிட்டதால் பொது இடங்களில் நிலைமை முற்றி, 2024 செப்டம்பரில் மறுபடியும் குற்றமாக்கினார்கள். ஆகவே வரிசை முக்கியம். முதலில் மருத்துவரும் படுக்கையும் ஆலோசகரும். அதன் பிறகு சட்டத் திருத்தம், அல்லது இரண்டும் சேர்ந்தே.

நம்மிடம் அதற்கு விதை ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கிலோ பயன்படுத்தியதற்கான வழக்கிலோ சிக்கிய அடிமை, தானே முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுபடலாம் என்கிறது. 39ஆவது பிரிவு, தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. என் பணிக்காலத்தில் நான் போன நீதிமன்றங்களில் இந்தப் பிரிவுகளை எவரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. சிறிய அளவு வழக்கில் வருகிற இளைஞனுக்கு வழக்கறிஞர் கொடுக்கும் அறிவுரை ஒன்றுதான்: ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டு, வீட்டுக்குப் போ.

வீட்டுக்குப் போனவனுக்கு என்ன ஆகிறது என்பதை எங்கள் உறவிலேயே பார்த்தேன். பாலிடெக்னிக் முடித்த பையன். நண்பர்களோடு புகைத்தபோது சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலத்தோடு பிடிபட்டான். அபராதம் கட்டினார்கள், வழக்கு முடிந்தது என்று பெற்றோர் நினைத்தார்கள். வளைகுடாவில் வேலை அமைந்து, காவல்துறைச் சான்று கேட்டபோதுதான் முடியவில்லை என்று தெரிந்தது. அந்த வேலை போயிற்று. காவலர் தேர்வுக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை. வீட்டில் முடங்கியவன், கஞ்சா வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று வலிநிவாரணி மாத்திரைக்கு மாறினான். நசுக்கி, நீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் போனான். முழங்கை மடிப்பில் கறுத்துத் தடித்திருந்த நரம்பை அவன் அம்மா என்னிடம் காட்டியபோது, ஏன் முன்பே மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை என்று கேட்டேன். ‘அங்கே எழுதிக்கொண்டால் மறுபடியும் போலீஸுக்குப் போய்விடாதா, அக்கா?’ என்றாள். ஊசி போடுகிறவனை மருத்துவரிடம் வரவிடாமல் தடுத்தது அந்த ஒரு பயம். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் வரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கஞ்சாவுக்குக் கொடுத்த தண்டனை அவனைக் கஞ்சாவிலிருந்து விலக்கியது உண்மை. விலக்கி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் குண்டர் சட்டம் கேட்கும் அன்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்ற வழக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்து, ஆளைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இதை மத்திய சமூகநீதி அமைச்சகமே 2021இல் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பரிந்துரை நகரவில்லை. அதற்கு முன்பே 2016இல் பஞ்சாபின் பாட்டியாலா உறுப்பினர் தரம்வீர் காந்தி, அவரே ஒரு மருத்துவர், இந்தச் சட்டத்தைத் திருத்த மக்களவைக்கு ஒரு தனிநபர் மசோதா தயாரித்தார். நம் மாநிலத்தின் 39 உறுப்பினர்களில் ஒருவராவது இதைப் பேசலாம். வணிக அளவு வழக்குகளில் காம்பையும் தண்டையும் விலக்கி, ஆய்வகத்தில் உலர்ந்த எடை போட்டு, அதன்படி குற்றம் சாட்ட வேண்டும். வேலை கூடுமே என்று ஆய்வகத்தில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் பத்தாண்டுச் சிறைக்கு முன் இரண்டு நாள் வேலை பெரிதல்ல. ஜாமீனுக்கான அந்த இரட்டை நிபந்தனை போக வேண்டும். கொலை வழக்கில் நீதிபதிக்கு இருக்கிற விருப்புரிமை கஞ்சா வழக்கிலும் இருந்தால் போதும். சிறுவர்களுக்கு விற்கிறவன், ஊசிக்கு மாத்திரை விற்கிறவன், மூட்டைக்குப் பணம் போடுகிறவன் ஆகியோர் மீது எவ்வளவு கடுமை காட்டினாலும் நான் எதிர்க்கமாட்டேன். சட்டைப்பைப் பொட்டலங்களில் வீணாகிற காவலர்களின் நேரம் அவர்களைத் தேடப் பயன்படட்டும்.

கடைசியாக, ஆசிரியரான தங்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. நாளை காலைப் பதிப்பிலேயே செய்யலாம். ‘கஞ்சாவுடன் வாலிபர் கைது’ என்ற தலைப்பில் வாரந்தோறும் தாங்கள் வெளியிடும் சிறு செய்திகளில் பெயர், வயது, தந்தை பெயர், தெரு, முகம் தெரியும் படம் எல்லாம் இருக்கின்றன. எடையைப் பார்த்தால் ஐம்பது கிராம், நூறு கிராம். பின்னர் அவன் விடுதலையானாலும் அந்தச் செய்தி வருவதில்லை. படம் மட்டும் இணையத்தில் என்றைக்கும் நிற்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் அதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். ஒரு கிலோவுக்குக் கீழ்ப்பட்ட வழக்குகளில் பெயரையும் படத்தையும் நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில், 64ஏ பிரிவு என்ன சொல்கிறது என்பதை இரண்டு வரியிலும், போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446 என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் அலுவலர்,
மதுரை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)